நாகர்கோவில் தடத்தில் யாருக்கு முதல் வழி: ஆள் ரயிலுக்கா, சரக்கு ரயிலுக்கா?

நாகர்கோவில் திருவனந்தபுரம் ஒற்றைத் தடம். எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட நம் ரயில் ஒதுங்கி நிற்கிறது, இரணியலில் கிராசிங். திருவனந்தபுரத்துக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் இந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நேரம் பார்ப்பார்கள். பக்கத்துத் தடத்தில் சரக்கு ரயில் ஊர்ந்து போகிறது, மூட்டை ஏற்றும் மூடிய வேகன்கள். எதிர் சீட்டில் இருந்த நர்ஸ் அக்கா போனை எடுத்தார். "இரணியல்ல கெடக்கு மக்கா, நான் வந்த பொறவு நீ எறங்கு." இரவு முழுக்க விழித்திருந்த இன்னொரு நர்ஸுக்கு அது கூடுதல் அரை மணி நேர வேலை.

ஆனால் எதிரே போன அந்த ரயிலையும் திட்ட மனசு வரவில்லை. இப்படி 42 வேகன் கொண்ட ஒரு ரயிலில் சுமார் 2,600 டன் வரும். நம் ரேஷன் அரிசி நாகர்கோவிலுக்கு இப்படித்தான் வருகிறது. அதைச் சாலையில் இறக்கினால் நூறு லாரிக்கு மேல் வேண்டும். மார்த்தாண்டத்தில் டாரஸ் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இன்னும் நூறு லாரி வேண்டுமா என்று.

இனி நெருக்கடி கூடத்தான் செய்யும். 2025 மே 2-ல் விழிஞ்ஞம் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அங்கிருந்து பாலராமபுரத்துக்கு, பெரும்பகுதி சுரங்கமாக, 10.7 கிலோமீட்டர் ரயில் பாதை திட்டமிடப்பட்டிருக்கிறது. பாலராமபுரம் நம் தடத்தில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு வரும் கண்டெய்னர் ரயிலுக்குப் பாறசாலை, குழித்துறை, இரணியல் வழிதான் நேர் வழி.

சரி, என்ன செய்யலாம்?

அதிகம் பேர் சொல்வது, பகல் ஆளுக்கு, இரவு சரக்குக்கு என்பது. செலவே இல்லை, நாளைக்கே தொடங்கலாம். ஆனால் தண்டவாளப் பராமரிப்புக்கும் ரயில் ஓடாத நேரம் வேண்டும், அதுவும் பெரும்பாலும் இரவில்தான் கிடைக்கும். அப்புறம், சரக்கு ரயில் நம் மாவட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. இரவு பாலராமபுரத்தில் கிளம்பினால் மதுரைப் பக்கம் போகும்போது விடிந்துவிடும். அங்கே இரட்டைத் தடம் இருந்தாலும், சென்னைக்குப் போகும் பகல் எக்ஸ்பிரஸ்கள் அந்நேரம் பின்னாலேயே வரும். நம் இரவு காலியாக இருந்தால் மட்டும் போதாது.

இரண்டாவது, நீளமான லூப் தடமும் (நிலையத்தில் ரயில் ஒதுங்கி நிற்கும் பக்கத் தடம்) நல்ல சிக்னலும். பலர் இதைச் சின்ன வேலை என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒற்றைத் தடத்தில் இரண்டு ரயில் எதிரெதிரே வந்தால் ஒன்று லூப்பில் ஒதுங்க வேண்டும். முழு சரக்கு ரயிலும் அடங்காத லூப் இருந்தால் அது ஒதுங்கவே முடியாது, பயணிகள் ரயில்தான் ஒதுங்கும். இன்னொன்றும் உண்டு. நிறுத்திய சரக்கு ரயிலைக் கிளப்புவது லேசான வேலையில்லை. கடைசி வேகன் வரை பிரேக் விடுபட்டு, அந்த எடை வேகம் பிடிப்பதற்குள் நிமிடங்கள் கரையும், பின்னால் வருகிற ரயிலும் காத்திருக்கும். ஆகவே சரக்கை அடிக்கடி நிறுத்தி ஆளுக்கு வழிவிட்டால் லாபம் என்பது மேலோட்டமான கணக்கு. தானியங்கி சிக்னல் ஒரே திசையில் அடுத்தடுத்து ரயில் விட உதவும். ஒற்றைத் தடத்தில் எதிரே வரும் ரயிலை அது என்ன செய்ய முடியும்?

மூன்றாவது, இரட்டைத் தடம். கிழக்கே அதன் பலன் கண்முன் இருக்கிறது. 1981-ல் நாகர்கோவில் திருநெல்வேலி பாதை ஒற்றைத் தடமாகத் திறந்தது. 2024-ல் சென்னை முதல் நாகர்கோவில் வரை முழுக்க இரட்டைத் தடமானது. இனி அந்தப் பக்கம் எதிர் ரயிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மேற்கே, 1979-ல் திறந்த திருவனந்தபுரம் பாதையில்தான் வேலை இழுக்கிறது. மண்ணை ஆழமாக வெட்டிப் போட்ட பாதை, மேலே வீடுகளும் ரப்பர் தோட்டங்களும். 2021 நவம்பர் மழையில் இந்தப் பக்கம் மண் சரிந்து ரயில்கள் ரத்தானதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அகலப்படுத்தும்போதே சரிவுகளுக்குத் தடுப்புச் சுவர் கட்டாவிட்டால் இரண்டு தடமும் சேர்ந்தே மூடும். இரட்டைத் தடம் வந்தாலும் மெதுவாகப் போகும் சரக்கை எக்ஸ்பிரஸ் முந்த லூப் வேண்டும். அதனால் இரண்டாவது வழியும் மூன்றாவதும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை.

வடக்கே தாத்ரி முதல் நவி மும்பை துறைமுகம் வரையிலான திட்டத்தைப் போன்ற தனிச் சரக்குத் தடம் நமக்கும் வேண்டும் என்பவர்கள் உண்டு. அது 1,506 கிலோமீட்டர் திட்டம். வீட்டுக்கு வீடு ஒட்டிக்கிடக்கும் நம் மாவட்டத்தில் அதற்கு இடம் இல்லை.

என் தேர்வு, மேற்குப் பக்க இரட்டைத் தடம், அதோடு சேர்த்தே இரணியலிலும் குழித்துறையிலும் முழு சரக்கு ரயில் அடங்கும் லூப். அது முடியும்வரை, காலையில் வேலைக்குப் போகிற மூன்று மணி நேரமும் மாலையில் திரும்புகிற மூன்று மணி நேரமும் இந்தத் தடம் ஆள் ரயிலுக்கு இருக்கட்டும். அந்நேரம் வரும் சரக்கு ரயில் நாகர்கோவிலிலேயே நிற்கட்டும். அந்த மூன்று மணி நேரம் தாண்டியதும் அதற்கென்று எழுதி வைத்த நேரத்தில், இரணியலிலும் குழித்துறையிலும் நிறுத்தாமல், ஒரே ஓட்டமாகப் பாறசாலையைத் தாண்ட விடுங்கள்.