"உங்க இன்சூரன்ஸ் எடுத்துக்கறோம்"னு சொன்னா நம்பிடாதீங்க, 1,840 டாலர் போச்சு

இப்பதான் நாலாவது போனை வெச்சேன், கை இன்னும் நடுங்குது, ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். அமெரிக்காவுல இருக்கற நம்ம ஆளுங்க, முக்கியமா ஜனவரியில ப்ளான் மாத்தினவங்க படிங்க.

எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு மாசமா தோள்பட்டை வலி, கையத் தூக்கி சட்டை போட முடியல. இந்த வருஷம் பிரீமியம் கம்மின்னு பிபிஓ-வ (PPO, வெளி டாக்டர்கிட்டப் போனாலும் ஓரளவு குடுக்கற ப்ளான்) விட்டுட்டு ஈபிஓ-வுக்கு (EPO, அவசரத்தைத் தவிர ப்ளானோட ஒப்பந்தம் இருக்கற டாக்டர்கிட்டப் போனா மட்டும் குடுக்கற ப்ளான்) மாறியிருந்தோம், கம்பெனி அதே கம்பெனிதான், கார்டுலயும் அதே லோகோ. அவங்க வெப்சைட்ல எங்க ப்ளானைப் போட்டுத் தேடித்தான் இந்த எலும்பு டாக்டரைப் புடிச்சேன். அதோட விடல, கிளினிக்குக்கும் போன் பண்ணிக் கேட்டேன், "அந்த இன்சூரன்ஸ்தானே, எடுத்துக்கறோம்"னாங்க. போன அன்னிக்கு முன்னாடி உக்காந்திருந்த பொண்ணு கார்டை வாங்கி ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணிட்டு சிரிச்சிட்டே திருப்பிக் குடுத்தா. அந்த சிரிப்பைத்தான் நம்பினேன். அப்புறம் ஒரு டேப்லெட்டை நீட்டி விரலால கையெழுத்துப் போடச் சொன்னாங்க, பின்னாடி ஆள் நிக்கறாங்கன்னு இவர் படிக்காமலே போட்டார். இன்சூரன்ஸ் குடுக்கலன்னா முழுசும் நானே கட்டறேன்ங்கற வரி அதுலதான் இருந்திருக்கு.

எக்ஸ்ரே, ஒரு ஊசி, பத்து நிமிஷம் பேச்சு. 1,840 டாலர் பில்.

பில்லிங்ல கேட்டா, "அந்த கம்பெனியோட பிபிஓ-க்குத்தான் ஒப்பந்தம், ஈபிஓ-க்கு இல்ல, எடுத்துக்கறோம்னா இன்சூரன்ஸுக்கு க்ளெய்ம் அனுப்பிக் கேப்போம்னுதான் அர்த்தம்"ங்கறாங்க. என்னங்க நியாயம் இது? எந்த ப்ளானை எடுக்கணும் எதை விடணும்ங்கறது டாக்டரோட இஷ்டம், ரேட்டு கட்டுப்படியாகலன்னா விட்டுடறாங்க, அதை நான் தப்பே சொல்லல. அதை வாசல்லயே சொல்ல என்ன கேடு? இன்சூரன்ஸ்ல கேட்டா கிளினிக்கைக் கேளுங்கங்கறாங்க, கிளினிக்ல இன்சூரன்ஸைக் கேளுங்கங்கறாங்க. இன்னிக்கு இன்சூரன்ஸ்ல 52 நிமிஷம் மியூசிக் கேக்க வெச்சு, "முன்னாடி யார்கிட்ட பேசினீங்க, ரெஃபரன்ஸ் நம்பர் சொல்லுங்க"ன்னாங்க, இல்லன்னதும் "எங்களால ஒண்ணும் பண்ண முடியாது", போன் கட். அவங்க வெப்சைட்ல அந்த டாக்டர் பேரு இந்த நிமிஷம் வரைக்கும் எங்க ப்ளானுக்குக் கீழதான் நிக்குது!

2022 ஜனவரியிலருந்து நோ சர்ப்ரைசஸ் ஆக்ட்னு சட்டமே இருக்கு. இன்சூரன்ஸ்காரங்க அவங்க டாக்டர் லிஸ்ட்டை 90 நாளைக்கு ஒரு தடவையாவது சரிபாக்கணும், தப்பான லிஸ்ட்டை நம்பிப் போனவங்ககிட்ட நெட்வொர்க்குக்குள்ள, அதாவது ப்ளானோட ஒப்பந்தம் இருக்கற டாக்டர்கிட்ட, ஆகற பங்குக்கு மேல வாங்கக் கூடாது. நாலு போன்ல ஒருத்தர் வாயத் தொறந்து அதைச் சொல்லல, நானா தேடிக் கண்டுபுடிச்சேன்.

என்னென்ன பண்ணணும்னு விவரமா எழுதத்தான் ஆரம்பிச்சேன், இப்ப முடியல. "எடுத்துப்பீங்களா"ன்னு கேக்காதீங்க, கார்டுல இருக்கற ப்ளான் பேரை முழுசாப் படிச்சு, இந்த டாக்டர், இந்த அட்ரஸ்ல, இந்த ப்ளானுக்கு இன்-நெட்வொர்க்கான்னு கேளுங்க. ஒரே டாக்டர் ஒரு கிளினிக்ல நெட்வொர்க்குல இருப்பார், இன்னொண்ணுல இருக்க மாட்டார். இன்சூரன்ஸுக்கும் கூப்பிட்டுக் கேளுங்க, பேசினவங்க பேரு, தேதி, ரெஃபரன்ஸ் நம்பர் எழுதி வெச்சுக்கங்க. போறதுக்கு முன்னாடியே லிஸ்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, நான் இப்பதான் எடுத்தேன்.

1,840 டாலர்ங்க. இனிமே உக்காந்து அப்பீல் லெட்டர் எழுதணும். இவர் அடுத்த ஊசிக்கு வரவே மாட்டேங்கறார், ராத்திரி சோஃபாவுல சாஞ்சு உக்காந்தபடியே தூங்கறார்.