தண்டையார்பேட்டையில் பெரியப்பாவுக்கு எடுத்த நுரையீரல் ஸ்கேன்

வடசென்னையில் வயதானவர்களை விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் லண்டனிலிருந்து வந்திருந்த நேரத்தில் பெரியப்பாவுக்குக் காய்ச்சல், இருமல். சோதனையில் இன்ஃபுளுயன்சா ஏ என்ற ஃப்ளூ வைரஸ். ஏற்கெனவே இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்ததும் எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது.

முதலில் போன இடத்தில் டாக்டர் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே சி.டி. ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோவில் அவரை எங்கே அலைக்கழிப்பது? அங்கிருந்து டி.எச். ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குப் போனோம். அங்கே டாக்டரே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மிஷினைக் கட்டிலருகே தள்ளிக்கொண்டு வந்தார். 'கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கு சொல்லப்படுவதில்லை' என்ற போர்டு பக்கத்துச் சுவரில். நெஞ்சைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் மிஷினுக்கும், கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் அந்த 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். கையடக்க ஸ்கேனரைப் பையில் போட்டுக்கொண்டு இஷ்டத்துக்கு வீடு வீடாகப் போக முடியாது.

"பெரியவரே, சும்மா மூச்சு விடுங்க" என்று முதுகின் கீழ்ப்பக்கத்தில்தான் முதலில் வைத்தார். வைரஸ் நிமோனியா பெரும்பாலும் அங்கேதான் தெரியுமாம். காற்று நிறைந்த நல்ல நுரையீரலில் படுக்கைவாட்டில் கோடுகள் சம இடைவெளியில் தெரியும். நீர் கோத்திருந்தால் மேலிருந்து திரையின் அடிவரை செங்குத்தாக வெளிச்சக் கோடுகள் இறங்கும். அவற்றை 'பி கோடு' என்கிறார்கள். இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் கோளாறு.

எனக்கு இருந்த பயமே வேறு: இது இதயம் பலவீனமானதால் கோத்த நீரோ? அதிலும் இதே கோடுகள் வருமே. அதைத்தான் டாக்டர் நிதானமாக விளக்கினார். இதயக் கோளாறு என்றால் பொதுவாக இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பரவியிருக்கும், நுரையீரல் உறை வழவழப்பாக இருக்கும். பெரியப்பாவுக்கோ திட்டுத் திட்டாக இருந்தது. உறையின் கோடு தடித்து, அறுந்து அறுந்து தெரிந்தது. அதன் அடியில் சின்னக் கருந்திட்டுகள். அப்புறம் அதே மிஷினில் இதயத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மருந்தைத் தொடரச் சொன்னார்.

பக்கத்துக்கு ஆறாக மொத்தம் 12 இடங்கள், ஒவ்வொன்றுக்கும் பாதிப்புக்கு ஏற்ப 0 முதல் 3 வரை மதிப்பெண், அதிகபட்சம் 36; எண் கூடினால் பாதிப்பு அதிகம். கதிர்வீச்சு இல்லாததால் மறுபடி மறுபடி பார்க்கலாம். அடுத்தடுத்த ஸ்கேனில் எண் இறங்கியது. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யவில்லை, விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரும் மூச்சு வேகமும்தான் முதலில்.

குறைகளும் உண்டு. உறையைத் தொடாமல் ஆழத்தில் இருக்கும் பாதிப்பு இதில் தெரியாது. எந்த வைரஸ் என்றும் சொல்லாது, அதைச் சொன்னது மூக்கிலிருந்து எடுத்துச் செய்த பரிசோதனைதான். பிடிக்கிற கைக்கு அனுபவமும் வேண்டும். இதையெல்லாம் நாங்கள் கேட்காமலே சொன்ன டாக்டர் என்பதால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

பில்லிங் கவுண்டர் மட்டும் வழக்கம்போல இழுவை. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் 'ஸ்கேன் எடுக்கப்பட்டது' என்று ஒரே வரி. மதிப்பெண்களையும் எந்தெந்த இடம் என்பதையும் கேட்ட பிறகே சேர்த்தார்கள். அடுத்து பார்க்கப்போகும் டாக்டருக்கு ஒப்பிட அது வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.