ரிவேராவா, ஹாஃப்மனா?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில், சேவ் (அணியின் முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிக்கும் பந்துவீச்சாளர் கணக்கில் சேரும் புள்ளி) கணக்கில் 600-ஐத் தாண்டியவர்கள் இருவரே: மரியானோ ரிவேரா 652, ட்ரெவர் ஹாஃப்மன் 601. இருவருக்கும் ஒரே வேலை, கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் முன்னிலையைக் காப்பது. கருவிகள்தான் வேறு.

ரிவேராவின் ஆயுதம் கட்டர் என்ற வேகப்பந்து. நேராக வருவதுபோல் வந்து, கடைசி நொடியில் இடக்கை மட்டையாளரின் கைப்பக்கம் சில அங்குலம் நகரும். பந்து மட்டையின் மெல்லிய கைப்பிடியில் பட்டு, மட்டையே உடையும். அதனால்தான், வலக்கை வீச்சாளர்களை வழக்கமாக எளிதில் அடிக்கும் இடக்கையாளர்களாலும் வலக்கையரான அவரை அடிக்க முடியவில்லை.

ஹாஃப்மன் ஷார்ட்ஸ்டாப்பாகத் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் களத்தடுப்பாளர்) தொடங்கி 1991-இல் பந்துவீச்சுக்கு மாறியவர். தோள் காயத்தால் வேகம் குறைந்தபின் சேஞ்சப் என்ற மெதுவான பந்தை நம்பினார். பந்தை உள்ளங்கையில் ஆழமாகப் பதித்து, வேகப்பந்துக்கான அதே கைவீச்சில் விடுவார்; மட்டையாளர் முன்கூட்டியே சுழற்றிவிடுவார். கைவீச்சு சற்றே தளர்ந்தாலும் குட்டு உடைந்துவிடும். காயத்துக்குப் பிறகும் இதை வைத்தே பல ஆண்டுகள் நின்றது அசாத்தியம்.

இருந்தும் என் தேர்வு ரிவேராதான். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 2.21, ஹாஃப்மனுக்கு 2.87; குறைந்தால்தான் நல்லது. பிளேஆஃபில் (பருவ முடிவில் பட்டத்துக்கான சுற்றுகளில்) ரிவேராவுக்கு 141 இன்னிங்ஸ், 42 சேவ், சராசரி வெறும் 0.70! பல நாள் எட்டாவது இன்னிங்ஸிலேயே இறங்கியவர் அவர். பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஹாஃப்மன் 2018-இல் தேர்வானார். ரிவேரா 2019-இல், ஒரு வாக்குகூடக் குறையாமல்.