தாடை மூட்டுக்கு "ரீஜெனரேட்டிவ் ஊசி" என்று பேக்கேஜ் சொன்னால் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படிங்க

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்களுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். "ஆபரேஷன் வேண்டாம், உங்கள் ரத்தமே உங்களைக் குணமாக்கும்" என்று விளம்பரம் செய்கிற ஒரு கிளினிக்கில் தாடை வலிக்கு 28,000 ரூபாய் கட்டினேன். என் தாடைக்குள் என்ன மருந்தை ஏற்றினார்கள் என்பதற்கு இன்று வரை எழுத்தில் பதில் இல்லை. புகார் போயிருப்பதால் பெயரை இங்கே போடவில்லை.

வலது காதுக்கு முன்னால் வலி எனக்கு ரொம்ப நாளாகவே உண்டு. காலையில் எழுந்ததும் வாய் சரியாகத் திறக்காது, திறந்தால் டக்கென்று சத்தம். அவித்த மரச்சீனியைக்கூட மசித்துத்தான் சாப்பிட முடியும், அதோடு நான் டீச்சர், நாள் முழுக்கப் பேசுகிற வேலை, மதியத்துக்கு மேல் கன்னப்பொட்டு வரை இழுத்துப் பிடிக்கும். அந்த டாக்டர் என் தாடையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளக்கவில்லை, ராத்திரி பல் கடிப்பீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பல் ஆஸ்பத்திரியில் எடுத்த, தாடை முழுவதையும் காட்டுகிற ஓபிஜி எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு "மூட்டுக்குள் ஜவ்வு தேய்ந்துவிட்டது, பிஆர்பி போட்டால் திரும்ப வளரும், மூன்று ஊசி, முழுப் பணமும் முதலிலேயே கட்டணும்" என்றார். அந்த ஜவ்வு ஓபிஜியில் தெரியவே தெரியாது, அதற்கு எம்ஆர்ஐ எடுக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

பிஆர்பி என்றால் நம் ரத்தத்தை எடுத்து, உறையாமல் இருக்க மருந்து போட்ட குழாயில் ஊற்றி, சென்ட்ரிஃபியூஜ் மெஷினில் சில நிமிடங்கள் சுற்ற விடுவார்கள். சிவப்பணு கீழே இறங்கிவிடும், மேலே வைக்கோல் நிறத்தில் நிற்கிற பிளாஸ்மாவில் தட்டணுக்கள் மிகுந்த பகுதியைத்தான் ஊசியில் எடுப்பார்கள். எனக்கு நடந்தது வேறு. நர்ஸ் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார், மெஷின் ஓடுகிற சத்தம் எதுவும் இல்லை, போன வேகத்தில் திரும்பி வந்தார். கையில் இருந்த சிரிஞ்சில் பச்சைத் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாத மருந்து. "சிஸ்டர், இது என் ரத்தத்தில் இருந்து எடுத்ததுதானா?" என்று கேட்டேன். "ஆமாக்கா, பில்டர் பண்ணினது, பேசாம படுங்க" என்றார்.

ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் வலது கண் மூட முடியவில்லை. முகத்தின் அந்தப் பக்கமே செத்துப்போன மாதிரி தொங்கியது. மரத்துப்போகிற மருந்து முக நரம்பில் இறங்கினால் சில மணி நேரம் இப்படி இருக்கும், தாடை மூட்டில் ஊசி போடும்போது தெரிந்த விஷயம்தான், அதை முன்னாலேயே சொல்ல வேண்டுமா வேண்டாமா? பக்கவாதம் வந்துவிட்டது என்று பயந்துபோய், கர்சீப்பால் கண்ணைப் பொத்திக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் கண் சரியானது, வலி அப்படியே இருந்தது. அதைச் சொன்னபோது, இன்னும் 60,000 கட்டினால் ஸ்டெம்செல் (மூலச்செல்) போடலாம் என்றார்கள்! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தவிர, மற்ற எதற்கு ஸ்டெம்செல் கொடுத்தாலும் அது முறையான ஆராய்ச்சிக்குள் மட்டும்தான் நடக்க வேண்டும், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது.

அப்புறம் வேறொரு இடத்தில் வாய் முக அறுவை சிகிச்சை டாக்டரிடம் போனேன். அவர் இரண்டு கன்னத்திலும் விரலை அழுத்தி, எங்கே உயிர் போகிறது என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார். மூட்டு பரவாயில்லை, மெல்லுகிற தசைதான் இறுகிப் போயிருக்கிறது, ராத்திரி பல்லைக் கடிக்கிறீர்கள் என்றார். தாடைப் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம், கொஞ்ச நாள் மென்மையான சாப்பாடு, பிசியோதெரபி, அவ்வளவுதான். தாடை வலி நாள்பட்டவர்களுக்கு பயிற்சியையும் பிசியோதெரபியையும் முதலில் வைக்கச் சொல்லி பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2023 டிசம்பரில் வழிகாட்டுதலே வந்திருக்கிறது. இப்போது சப்பாத்தி சாப்பிட முடிகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பிஆர்பி என்பதே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. தாடை அடிக்கடி நழுவுகிறவர்களுக்கு டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் கரைசல் ஊசி போடுகிற புரோலோதெரபி என்ற முறையும் இருக்கிறது, அதில் சிலருக்குப் பலனும் கிடைத்திருக்கிறது. ஆனால் டெக்ஸ்ட்ரோஸ் ரொம்ப மலிவான மருந்து, நிறமும் இருக்காது. எனக்குப் போட்டது அதுதானோ என்ற சந்தேகம் இருப்பதால்தான் சிகிச்சைக் குறிப்பைக் கேட்டேன். பேட்ச் நம்பர் இல்லை, மருந்தின் பெயர் இல்லை, "ரீஜெனரேட்டிவ் ப்ரொசீஜர்" என்று ஒரு வரி எழுதின ஒற்றைத் தாளை நீட்டினார்கள். சம்மதப் படிவத்தின் நகலைக் கேட்டால் "டாக்டர் ஊரில் இல்லை" என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் வருட மருத்துவக் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. வாயால் கேட்டுக்கொண்டே இருக்காதீங்க, எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்க, வாங்க மறுத்தால் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்க.

மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டேன். அடுத்தது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, நடந்த நாளில் இருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரி பேக்கேஜுக்குப் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் ரசீது, வாட்ஸ்அப்பில் வந்த மெசேஜ், விளம்பர நோட்டீஸ் எதையும் அழிக்காதீங்க. எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்க, நான் எழுதின மனுவை அனுப்புகிறேன், தேதியையும் தொகையையும் மாற்றிக்கொண்டால் போதும்.