தன் கோயிலைத் தானே ஏலத்தில் எடுத்தவரின் சபை

பிலடெல்பியாவில் ஆறாம் தெருவும் லம்பார்டு தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது மதர் பெத்தேல் ஆலயம். ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபையின் தாய்ச் சபை இதுதான். மகள் வீட்டுக்கு வந்திருந்த நானும் என் மனைவியும் பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு அங்கே ஆராதனைக்குப் போனோம். சபையை நிறுவிய ரிச்சர்ட் ஆலன் பிறந்தது 1760 பிப்ரவரி 14. அதையொட்டி அந்த ஞாயிற்றை நிறுவனர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். போய்வந்த அனுபவத்துக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுக்கிறேன்.

நான் முப்பத்தோரு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவன். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் மூலப் பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்றுதான் மனம் முதலில் கேட்கும். 1791 இல் ஆலன் வாங்கிய இடம் இது. அன்றிலிருந்து இன்றுவரை கறுப்பின மக்களின் கையைவிட்டுப் போகவே இல்லை. இப்போது நிற்பது அதே இடத்தில் எழுப்பிய நான்காவது கட்டடம். முதல் கோயில், ஒரு பழைய கொல்லன் பட்டறை. அதைக் குதிரைகளைப் பூட்டி இழுத்து வந்து நிறுத்தி, 1794 ஜூலையில் பிரதிஷ்டை செய்திருக்கிறார்கள்.

இடம் வாங்குவதற்கு முன்னால் ஆலன் தன்னையே விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. டெலாவேரில் அடிமையாக இருந்தவர் அவர். எஜமான் கேட்ட தொகை, அமெரிக்கப் புரட்சிக் காலத்துக் காகிதப் பணமான காண்டினென்டல் பணத்தில் 2,000 டாலர். விறகு வெட்டி, செங்கல் சூளையில் வேலை செய்து, உப்பு வண்டி ஓட்டி அதை அடைத்தார். அப்புறம் பிலடெல்பியா வந்து, புனித ஜார்ஜ் மெத்தடிஸ்ட் ஆலயத்தில் பிரசங்கித்தார். அங்கே கறுப்பின மக்களை மாடத்துக்குப் போகச் சொன்னார்கள். ஒரு நாள் ஜெபம் நடந்துகொண்டிருந்தபோதே, முழங்காலில் நின்ற ஆப்சலோம் ஜோன்ஸ் என்ற ஆலனின் தோழரைப் பிடித்துத் தூக்கினார்கள். ஜெபம் முடியும் வரை பொறுங்கள் என்று அவர் கேட்டும் விடவில்லை. ஜெபம் முடிந்ததும் அத்தனை பேரும் ஒன்றாக எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

இதையெல்லாம் ஆலயத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தில் எங்களுக்குச் சொன்னவர், அந்தச் சபையைச் சேர்ந்த ஒரு பெரியவர். ஆலனும் அவர் மனைவி சாராளும் அடக்கமாகியிருப்பது அந்தத் தளத்தில்தான். ஆலனின் வேதாகமமும் அங்கே இருக்கிறது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது பத்திரக் கதை.

1796 இல் சபையைப் பதிவு செய்யும்போது, ஆவணத்தை எழுதிக் கொடுத்தவர் வெள்ளையர் சபை மூப்பர் ஒருவர். கோயிலும் நிலமும் மெத்தடிஸ்ட் மாநாட்டின், அதாவது வெள்ளையர் கையில் இருந்த தலைமை நிர்வாகத்தின், கட்டுப்பாட்டுக்குப் போகும்படி வாசகத்தை அமைத்துவிட்டார். சபையாருக்கு இது தெரியவர சுமார் பத்து வருடம் ஆனது. 1807 இல் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் சம்மதத்தோடு ஒரு துணை ஆவணம் எழுதி உரிமையைத் திரும்ப எடுத்தார்கள். எதிர்த் தரப்பு விடவில்லை. 1815 இல் கோயிலே ஏலத்துக்கு வந்தது. தன் உழைப்பில் எழும்பிய கோயிலை 10,125 டாலர் கொடுத்து ஆலனே ஏலத்தில் எடுத்தார். மறுவருடம் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் சபையின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே 1816 இல் தனித் திருச்சபை உருவாகி, ஆலன் அதன் முதல் பேராயர் ஆனார்.

வில்லங்கம் நிறைந்த பத்திரங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். படிக்கத் தெரியாதவர்களிடம் கைரேகை வாங்கிக்கொண்டு போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கல்லறைக்கு முன்னால் அவர்கள் முகமெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

கணக்கு விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1793 இல் மஞ்சள் காய்ச்சல் வந்து நகரத்தில் சுமார் 5,000 பேர் செத்தார்கள். கறுப்பினத்தவருக்கு அந்த நோய் வராது என்று தப்பாக நம்பிய மருத்துவர் பெஞ்சமின் ரஷ் உதவி கேட்டார். ஆலனும் ஜோன்ஸும் ஆட்களைத் திரட்டி நோயாளிகளைக் கவனித்தார்கள், பிணங்களைப் புதைத்தார்கள். காய்ச்சல் ஓய்ந்ததும், கறுப்பினத்தவர் கொள்ளைக் கூலி கேட்டார்கள், திருடினார்கள் என்று மாத்யூ கேரி என்ற பதிப்பாளர் எழுதினார். இவர்கள் இருவரும் 1794 இல் வரவு செலவோடு ஒரு சிறு நூலாகப் பதில் போட்டார்கள். உயிரைப் பணயம் வைத்தவர்கள் கணக்கும் காட்ட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

ஆராதனையைப் பற்றிச் சொல்லவில்லையே. வெள்ளைக் கையுறை போட்ட ஓர் அம்மா எங்களை வாசலிலிருந்து கூட்டிப்போய் நடு வரிசையில் உட்கார வைத்தார். பெண்கள் பலர் ஆப்பிரிக்கத் துணியில் தலைப்பாகை கட்டியிருந்தார்கள். போதகர் ஒரு வரி சொன்னால் சபை ஒரு வரி பதில் சொல்கிறது. எங்கள் ஊர் ஆலயத்தில் பிரசங்கத்தின்போது யாரும் வாய் திறப்பதில்லை. இங்கே மூன்றாவது நிமிடத்தில் என் மனைவியே "ஆமென்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். வாக்குரிமையும் சிறைச்சாலையும் ஜெபத்தில் வந்தன, நோயாளிகளின் பெயரும் அதே மூச்சில் வந்தது. புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் வந்து கை குலுக்கினார்கள்.

முந்தின நாள் ஒரு சுற்றுலாப் பேருந்தில் நகரத்தைப் பார்த்தோம். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் பிறந்த சுதந்திர மண்டபத்தில் நிறைய நேரம் நின்றது. அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் இந்த ஆலயத்தின் பெயரைக்கூட வழிகாட்டி சொல்லவில்லை. அடிமை முறைக்கு எதிராகவும் விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பும் திட்டத்துக்கு எதிராகவும் மக்கள் கூடிய இடம் இது. 1817 ஜனவரியில் சுமார் 3,000 பேர் இங்கே கூடி அந்தத் திட்டத்தை ஒரே குரலில் மறுத்தார்கள். சுதந்திரம் பார்க்க வருகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டாமா?

ஆலயத்திலிருந்து தெற்கே கொஞ்சம் நடந்தால் வெக்ககோ விளையாட்டு மைதானம். 1810 இல் சபை வாங்கிய இடுகாடு அது. 5,000க்கும் மேற்பட்டவர்கள் கீழே இருக்கிறார்கள். 1889 இல் நகராட்சிக்குக் கைமாறி, பிறகு பூங்காவாகி, பலருக்கு மறந்தே போயிற்று. பனியில் ஊஞ்சல்கள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. நானும் மனைவியும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றோம்.

அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். எங்களுக்கு மகள் பேசி வைத்திருந்தாள். ஞாயிறு ஆராதனைக்கு யாரையும் கேட்க வேண்டாம், உள்ளே போய் உட்கார வேண்டியதுதான்.