226 பக்க அச்சுப்படியும் ஒரு தரவுத்தளக் கையேடும்

பத்தமடைக் கோரைப்பாய்களை வாங்கி வெளியூர்களுக்கு அனுப்பும் என் சித்தப்பாவுக்கு, மின்னஞ்சலில் வரும் ஆர்டர்களைத் தானே படித்துப் பதிவுசெய்யும் சிறு நிரல் ஒன்றை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டபோது, மின்னஞ்சல் நெறிமுறைகளைப் பற்றி எனக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. காணொளிப் பாடங்கள் எதை நிறுவ வேண்டும் என்று சொல்லின. உள்ளே நடப்பது என்ன என்று சொல்லவில்லை. ஆகவே இணைய நெறிமுறைகளை விளக்கும் 'ஆர்எஃப்சி' என்னும் மூல ஆவணங்களையே படிப்பது என்று முடிவுசெய்து, கடிதம் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபிக்கு ஆர்எஃப்சி 5321 (95 பக்கம்), கடிதங்களை அஞ்சல்பெட்டியிலிருந்து இறக்கிக்கொள்ளும் பாப்3க்கு ஆர்எஃப்சி 1939 (23 பக்கம்), அஞ்சல்பெட்டியிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப்புக்கு ஆர்எஃப்சி 3501 (108 பக்கம்) ஆகிய மூன்றையும் பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்துகொண்டேன். ஆவணங்கள் இலவசம் என்பதால் செலவு 300 ரூபாய்க்குள் முடிந்தது. ஆர்டர்களைப் பதியும் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் கையேடு 2,000 பக்கங்களைத் தாண்டுவதால், அதில் தொடக்கப் பயிற்சியையும், பலர் ஒரே நேரத்தில் தரவைக் கையாளும்போது குழப்பம் வராமல் காக்கும் ஒருங்குநிகழ்வுக் கட்டுப்பாடு பற்றிய அத்தியாயத்தையும் மட்டும் அச்சிட்டேன்.

மூன்றில் முதலில் படிக்க வேண்டியது பாப்3. அதை ஒரே மாலையில் முடித்துவிடலாம். எஸ்எம்டிபி ஆவணம் அதைவிட நீளமானது என்றாலும், நான் படித்த தொழில்நுட்ப உரைநடைகளில் அதுவே மிகத் தெளிவானது. ஜான் போஸ்டல் 1982இல் எழுதிய ஆர்எஃப்சி 821இன் வழிவந்த இதனை ஜான் கிளென்சின் 2008இல் தொகுத்தார். அனுப்புபவரும் பெறுபவரும் மாறிமாறிப் பேசும் உரையாடல்கள் பின்னிணைப்பில் முழுமையாக உள்ளன. சொந்தக் கணினியிலேயே ஒரு சோதனை வழங்கியை (சர்வர்) ஓடவிட்டு, அந்த உரையாடலை வரிவரியாகக் கையால் தட்டிப் பார்த்தபோதுதான், உறையின் மேல் எழுதும் முகவரி வேறு, கடிதத்தின் உள்ளே எழுதும் முகவரி வேறு என்பது எனக்கு விளங்கியது. ஐமேப் ஆவணத்தை இப்படிச் சரளமாகப் படிக்க முடியாது. ஒரு கட்டளைக்கு உரிய விதி நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கிறது; தேடும் வசதி இல்லாத அச்சுப்படியில் அது பெருந்தொல்லை. 2021இல் வெளிவந்த ஆர்எஃப்சி 9051 இதன் இடத்தைப் பிடித்துவிட்டது என்பதால், இனி அச்சிடுபவர்கள் அதையே அச்சிடலாம்.

தரவுத்தளக் கையேட்டின் பயிற்சிப் பகுதி சான்பிரான்சிஸ்கோவின் வெப்பநிலையை அட்டவணையில் இடுவதில் தொடங்கி, ஆலிஸ் என்பவர் பாப் என்பவருக்கு 100 டாலர் கொடுப்பதை வைத்துப் பரிவர்த்தனையை, அதாவது எல்லாப் படிகளும் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்னும் ஏற்பாட்டை, விளக்குகிறது. எளிமையான விளக்கம்தான்; ஆனால் அந்தப் பணம் ஒரே தரவுத்தளத்துக்குள் நகர்கிறது. நான் நகர்த்திய ஆர்டரின் ஒரு முனை அஞ்சல்பெட்டியிலும் மறுமுனை அட்டவணையிலும் இருந்தது. இந்த இடைவெளியைப் பற்றி மின்னஞ்சல், தரவுத்தளம் என்னும் இரு தரப்பு நூல்களும் நேராகப் பேசுவதில்லை.

என் நிரலின் முதல் வடிவம் படிக்காத கடிதங்களை மட்டும் எடுத்தது. ஐமேப்பில் கடிதத்தின் உடலைக் கேட்டாலே 'படிக்கப்பட்டது' என்னும் குறி தானாக விழுந்துவிடும். அடுத்த நொடியில் மின்சாரம் போனதால், அட்டவணையில் ஏறாமலே ஓர் ஆர்டர் காணாமல் போயிற்று. குறி விழாமல் எட்டிப்பார்க்கும் 'பீக்' வடிவம் அதே அத்தியாயத்தில் இருந்ததை நான் கவனிக்காமல் கடந்திருந்தேன். அதற்கு மாற்றிய பிறகு தவறு தலைகீழாயிற்று: அட்டவணையில் ஏறிய பின், குறி இடுவதற்கு முன் நிரல் நின்றால், அதே ஆர்டர் மறுபடியும் ஏறியது. “ஏல, இந்த அம்மா ஒரு பாய்தான கேட்டிருக்கு, இது ரெண்டு அனுப்பச் சொல்லுதே” என்று சித்தப்பா கேட்ட பிறகுதான் இரு நூல்களையும் அருகருகே விரித்து வைத்துப் படித்தேன்.

அப்படிப் படித்தபோது, இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்பது தெரிந்தது: பொறுப்பு எந்தக் கணத்தில் கைமாறுகிறது? எஸ்எம்டிபியில் தகவல் முழுவதும் சேர்ந்தபின் பெறுபவர் 250 என்று விடையளித்தால், அக்கடிதத்தைச் சேர்ப்பிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார் என்று பொருள். அந்த விடை தாமதமானால் கடிதம் இரண்டாகலாம் என்பதையும் ஆவணம் மறைக்காமல் எச்சரிக்கிறது. பாப்3இல் அழிக்கச் சொன்ன கடிதங்கள், 'குயிட்' சொல்லி விடைபெற்றால்தான் அழியும். இடையில் இணைப்பு அறுந்தால் எல்லாம் இருந்தபடியே இருக்கும். அந்நிலைக்கு அந்த ஆவணம் இட்டிருக்கும் பெயரே 'டிரான்ஸாக்ஷன்', அதாவது பரிவர்த்தனை. தரவுத்தளத்தில் மாற்றங்களை உறுதியாக்கும் 'கமிட்' கட்டளை செய்யும் வேலையும் இதுவே. இரண்டு கமிட்டுகளையும் ஒன்றாக்க என்னால் முடியவில்லை; ஆகவே கடிதத்தின் அடையாள எண்ணுக்கு அட்டவணையில் ஒரே எண் இருமுறை ஏறாதபடி தடுக்கும் தனித்துவக் கட்டுப்பாடு இட்டு, மறுபடி வந்தால் பேசாமல் விட்டுவிடும்படி செய்தேன். அந்த எண் எல்லாக் கடிதத்திலும் 'இருக்க வேண்டும்' என்று விதி சொன்னாலும், ஆர்எஃப்சிகளில் பரிந்துரையாகச் சொல்லும் 'ஷுட்' வேறு, கட்டாயமாகச் சொல்லும் 'மஸ்ட்' வேறு. இது 'ஷுட்' என்பதால், எண் இல்லாத கடிதங்களுக்கு ஐமேப் தரும் எண்களைப் பயன்படுத்த வேண்டியிருந்தது.

இந்த மூன்று ஏடுகளும் தமிழில் எழுதுபவருக்குப் போதா. தமிழில் தலைப்பிட்ட கடிதங்கள் புரியாத குறிகளாக வந்தபோது, அவற்றுக்கான விதி ஆர்எஃப்சி 2047இல் இருப்பது தெரிந்தது. எழுத்துகளைக் கணினியில் பதியும் முறையான யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறி 3 பைட். அதை அஞ்சலில் அனுப்புவதற்காக ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக மாற்றும் பேஸ்64இல் அது 4 குறியாகும். ஆகவே புள்ளியோடும் காலோடும் நான்கு குறிகளான 'பாய்' 16 இடத்தை அடைக்கிறது. இப்படி மாற்றிய ஒரு துண்டு 75 இடத்தைத் தாண்டக் கூடாது, எழுத்தின் நடுவிலும் வெட்டக் கூடாது என்பது விதி. சில அஞ்சல் நிரல்கள் நடுவிலேயே வெட்டுகின்றன. அந்த ஆவணத்தையும் அச்சிட்டு ஐமேப்புக்குப் பின்னால் சேர்த்துத் தரும்படி கேட்டிருக்கிறேன்; பழைய கம்பியைக் கழற்றினால் ஓரத் துளைகள் கிழியும் என்று கடைக்காரர் தயங்குகிறார்.