இ-இங்க் என்று சொல்லி எல்சிடியைத் தலையில் கட்டுகிறார்கள், பார்த்து வாங்குங்கள்

வாப்பாவுக்குப் படிக்க ஒரு இ-புக் ரீடர் ராமநாதபுரத்தில் ஒரு மொபைல் கடையில் எடுத்தேன். "கிண்டில்ல இருக்கிற அதே ஸ்கிரீன்தான் பாய், வெயில்லயும் படிக்கலாம்" என்றார் கடைக்காரர். கிண்டில் என்றால் அமேசானின் இ-புக் ரீடர், அதில் இருப்பது இ-இங்க் திரை. ஏசி அறையில், டியூப் லைட் வெளிச்சத்தில், ஓர் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். எழுத்து கறுகறுவென்றுதான் இருந்தது.

கீழக்கரையில் அஸருக்குப் பிறகு வாப்பா கடற்கரைப் பக்கம் உட்கார்ந்து திறந்தால், எழுத்தைவிட அவர் முகம்தான் திரையில் நன்றாகத் தெரிகிறது. இ-இங்க் என்றால் காகிதம் மாதிரி, மேலே விழும் வெளிச்சத்தில்தான் தெரியும். வெயில் ஏற ஏற எழுத்து தெளியும். இதுவோ பின்னாலிருந்து விளக்கடிக்கும் எல்சிடி. நம்ம ஊர் வெயிலோடு அது போட்டி போடுமா? வெளிச்சத்தை முழுக்கக் கூட்டியதில் பேட்டரி மளமளவென்று இறங்கியதுதான் மிச்சம்.

தமிழ் இன்னும் மோசம். 7 அங்குலத் திரையில் 800×480 பிக்சல், அதாவது அங்குலத்துக்கு 133தான். கிண்டில் பேப்பர்வொயிட்டில் 2015-லேயே 300 வந்துவிட்டது. இதில் மெய்யெழுத்தின் புள்ளி மங்கிப்போகிறது. ண, ன சுழி பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதற்கும் மேலே, 'பெட்டி' என்றால் கொம்பு ப-வைத் தாண்டிப் போய் ட்-டுக்கு முன்னால் நிற்கிறது. ஒரு பக்கம் படிப்பதற்குள் வாப்பா மூடி வைத்துவிட்டார். வேறு ஃபாண்ட் போடவும் அதில் வழியில்லை.

திருப்பிக் கொண்டுபோனால், "பில்லுல இ-இங்க்னு போட்டிருக்கா பாய்?" என்கிறார் அதே ஆள். '7 இஞ்ச் ரீடர்' என்று மட்டும்தான் இருக்கிறது. விவரமான ஆள்தான்!

நீங்கள் வாங்கப்போனால், கடையிலேயே ஒரு பக்கத்தைத் திறந்து, முன்விளக்கு (திரையின் மேல் வெளிச்சம் பாய்ச்சும் விளக்கு) இருந்தால் அதைப் பூஜ்யத்துக்குக் குறைத்து, வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். இ-இங்க் என்றால் எழுத்து அப்படியே நிற்கும். பக்கம் திருப்பும்போது அவ்வப்போது திரை ஒரு கணம் கறுத்து மீளும். வீடியோ வழுக்கிக்கொண்டு ஓடினால் சந்தேகப்படுங்கள். உங்கள் தமிழ்ப் புத்தகம் ஒன்றையும் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். அப்புறம், 'இ-இங்க் திரை' என்று பில்லில் எழுதி வாங்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.